தூண்டிலில் ஒரு சிறுத்தை

"ஒண்ணு மாட்டிக்கிச்சு" என்றார் புவியியல் ஆசிரியர், கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த பி.டி. மாஸ்டர் எட்டிப் பார்த்தார். "எது சார்?"

"சிறுத்தை. அப்படித்தான் பேர் வச்சிருக்கு. ஒன்பதாம் வகுப்பாம்."

இணையத்தில் எப்படிக் கவனமாக இருப்பது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க, மற்ற ஆசிரியர்களை மறுநாள் தயார்செய்யும் பொறுப்பு புவியியல் ஆசிரியருடையது. வெறும் பேச்சு எடுபடாது, கண்முன்னால் ஓர் உதாரணம் வேண்டும் என்பது அவர் கட்சி. அதனால் முந்தின நாளே 'பரிசு மழை' என்று ஒரு போலிக் கணக்கைத் தொடங்கி, தன் பள்ளிப் பிள்ளைகள் இணையத்தில் விளையாடும் குழு ஒன்றில் புகுந்து, இலவசப் பரிசு என்று தூண்டில் போட்டிருந்தார். யாராவது சொந்த விவரத்தை உளறினால், பெயரை மறைத்துக் கூட்டத்தில் காட்டிவிடலாம்.

சிறுத்தை உளறியது. பள்ளி, வகுப்பு, வீட்டுக்குப் போகும் வழி என்று கேட்காததையெல்லாம் கொட்டியது.

"பாத்தீங்களா? நான் சொன்னேன்ல" என்று அவர் நெஞ்சை நிமிர்த்துவதற்குள் அடுத்த செய்தி வந்தது.

'அண்ணா, பரிசுக்கு அப்பாவோட பேங்க் கார்டை போட்டோ எடுத்து அனுப்பட்டா?'

அவர் சாப்பாட்டை ஒதுக்கி வைத்தார். 'வேண்டாம் தம்பி. முன்பின் தெரியாதவங்களுக்கு அதெல்லாம் அனுப்பக் கூடாது' என்று அவசரமாகத் தட்டினார்.

'நீங்க வேணாம்னா போங்க. இன்னொரு அண்ணன் கேட்டாரு. அவருக்கு அனுப்பிக்கிறேன்.'

"போச்சு" என்றார் புவியியல்.

"பேசாம உண்மையைச் சொல்லிடுங்க சார்" என்றார் பி.டி. மாஸ்டர்.

சொன்னார். 'டேய், நான் உன் புவியியல் சார்டா. யாருக்கும் எதுவும் அனுப்பாதே.'

'எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க. ஆதாரம் இருக்கா?'

அடையாள அட்டையைப் படம் பிடித்து அனுப்பினார். முகம், முகவரி, பிறந்த தேதி, ரத்த வகை எல்லாம் பளிச்சென்று விழுந்திருந்தன.

'இது எங்கயாவது சுட்ட போட்டோவா இருக்கும். நிஜமா சார்னா ஆபீஸ் வைஃபை பாஸ்வேர்டு தெரிஞ்சிருக்கணுமே?'

விரல் ஒரு கணம் தயங்கியது. ஒரு குடும்பத்தின் சேமிப்பு பெரிதா, வைஃபை பெரிதா? அனுப்பிவிட்டார்.

'தேங்க்ஸ் சார்' என்று வந்தது. அதோடு சிறுத்தையைக் காணோம்.

அவர் கைகூடக் கழுவாமல் ஒன்பதாம் வகுப்புக்கு ஓடினார்.

"சிறுத்தை யாருடா? அடிக்க மாட்டேன், திட்ட மாட்டேன். உங்க அப்பா கார்டை உடனே முடக்கியாகணும். எந்திரிச்சு வா."

வகுப்பு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது. கடைசியில் வகுப்புத் தலைவி தயங்கித் தயங்கி எழுந்தாள்.

"சார், அது கெமிஸ்ட்ரி மிஸ். பரிசு தர்றேன்னு ஒருத்தன் பிள்ளைங்களைச் சுத்தி வர்றான், அவன் அட்ரஸை அவன் வாயாலயே வாங்கணும், ஒன்பதாவது பசங்க மாதிரி பேசச் சொல்லிக் குடுங்கன்னு நேத்து எங்ககிட்டதான் கேட்டாங்க."