ஒரு முழம் குறைந்த முகூர்த்தப் புடவை

படித்ததை அன்றே யாரிடமாவது சொல்லித் தீர்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. இந்த வியாதிக்கு முதல் பலி என் அக்காவின் முகூர்த்தப் புடவை.

எழுபதுகளில், சென்னையில் எம்.எஸ்ஸி. சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. (அதற்குள் எனக்கு விஞ்ஞானி நடை வந்துவிட்டது.) லீவுக்குச் சின்ன காஞ்சிபுரம் வந்தபோது, அக்கா கல்யாணத்துக்குத் தன் கையாலேயே புடவை நெய்ய அப்பா தெருவில் பாவு நீட்டியிருந்தார். பட்டிழைகளை நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிட வேண்டும். அண்டை அயலார் பத்துப் பேர் இரண்டு பக்கமும் நின்றார்கள்.

பத்துப் பேர் நகர முடியாமல் நிற்கிறார்கள். எனக்கு வேறென்ன வேண்டும்?

நாளெல்லாம் தறிக்குழியில் உட்காருகிறவர்களுக்கு வெயில் அவசியம் என்று ஆரம்பித்தேன். வெயில் பட்டால் உடம்பில் வைட்டமின் டி உண்டாகும், அது செல்லுக்குள் நுழைந்து கட்டளை போடும் என்றேன். இது புரொபசர் சொன்னது. அந்தக் கட்டளை போகாவிட்டால் செல் கண்டபடி பெருகிப் புற்றுநோய் வரும் என்றேன். இது என் சொந்தச் சரக்கு. (பிற்பாடு விஞ்ஞானிகள் இதை நிஜமாகவே ஆராய ஆரம்பித்தார்கள். இன்னும் முடித்தபாடில்லை. நான் ஒரே காலையில் முடித்துவிட்டேன்.)

புற்றுநோய் என்றதும் எல்லோர் கையும் நின்றுவிட்டது. ஆளாளுக்குச் சந்தேகம் கேட்டார்கள். நான் ஒருவரையும் விடவில்லை. கடைசியில் மறுமுனையிலிருந்து அப்பா சொன்னார்:

"உள்ள பூந்து ஆர்டர் போடறது இருக்கட்டும்பா. வெயில் ஏறிக்கினு இருக்குது, பாவை யாரு எடுக்கறது?"

அதற்குள் இழைகள் அப்பளமாக முறுகியிருந்தன. தறியில் ஏற்றியதும் தொட்ட இடமெல்லாம் அறுந்தது. அப்பா என்னைத் திட்டவே இல்லை, ஒவ்வொரு இழையாக முடிந்துகொண்டிருந்தார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. முகூர்த்தம் காத்திருக்குமா? ஒரு முழம் குறைவாகவே புடவையைத் தறியிலிருந்து இறக்கினார்.

மணமேடையில் முந்தானை தோளில் நிற்கவில்லை. அக்கா முழு நேரமும் அதைக் கையால் பிடித்தபடி குனிந்தே இருந்தாள். "பொண்ணுக்கு எவ்ளோ அடக்கம்!" என்று மாமியார் பூரித்துப்போனார். அந்த நல்ல பெயரைக் காப்பாற்ற அக்கா பட்ட பாடு தனிக்கதை.

அப்பா இப்போது இல்லை. அந்தப் புடவை இருக்கிறது. போன மாதம் அக்காவுக்கு வைட்டமின் டி குறைவு என்று டாக்டர் சொன்னாராம். போய்ப் பார்த்தேன். மொட்டைமாடி வெயிலில் நின்றிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் கையை உயர்த்தினாள்.

"எவ்ளோ நேரம் நிக்கணும்னு மட்டும் சொல்லுடா. ஏன்னு சொல்லாத."