க்ளென்னின் ஏழாவது பயோடேட்டா

வேலை தேடுகிறவர்கள் ஒரு ரகம். பயோடேட்டாவைத் திருத்துகிறவர்கள் இன்னொரு ரகம். முதல் ரகம் விடிந்ததும் கடை கடையாக ஏறி இறங்கும். இரண்டாவது ரகம் எழுத்தின் அளவை அரைப் புள்ளி கூட்டிவிட்டு, அப்பாடா என்று டீ போடப் போகும்.

ஆஸ்திரேலியாவின் வாகா வாகா ஊர் க்ளென்னைப் பாருங்கள். மர ஆலை மூடி ஐந்து மாதம். மனைவி நரெல் ஆஸ்பத்திரியில் இரட்டை ஷிப்ட் பார்த்துத் துவண்டுபோகிறாள். ஹார்டுவேர் கடையில் பெயின்ட் பகுதிக்கு ஆள் தேவை. அதே கடை வாசலில்தான், கால்பந்து கிளப்புக்கு நிதி திரட்ட, பன்னிரண்டு வருஷமாகச் சனிக்கிழமைதோறும் சாசேஜ் சுட்டு, வெங்காயத்தோடு ரொட்டியில் மடித்துக் கொடுத்துவருகிறார் க்ளென். முதல் பயோடேட்டாவில் அது ‘சாசேஜ் சுடுதல்’ என்றிருந்தது. நான்காவதில் ‘உணவுச் சேவை ஒருங்கிணைப்பாளர்’ ஆனது. ஏழாவதில் ‘வெப்பப் புரதத் தீர்வுகளின் வியூகத் தலைவர்’ என்று பட்டாபிஷேகமே நடந்துவிட்டது.

“யாரு இது?” என்றாள் நரெல்.

“நான்தான்.”

“அடடா, இவரையே கட்டியிருக்கலாம். போயும் போயும் ஒரு சாசேஜ்காரன்கிட்ட மாட்டிக்கிட்டேனே!”

கேட்பாரா? அதையே அனுப்பினார். நேர்காணலில் மேனேஜர் டோனா தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

“இதைப் படிச்சா பெயின்ட் கலக்க வர்ற ஆளாத் தெரியலையே. என் நாற்காலிக்குக் குறி வச்ச மாதிரி இருக்கு. ஒரு வாரம் தாங்குவீங்களா?”

க்ளென் வேகமாகத் தலையாட்டினார். டோனா, சிபாரிசுக்கு அவர் எழுதியிருந்த கிளப் நண்பன் பாஸ்கோவை அவர் முன்னாலேயே போனில் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டாள். போச்சு! யாரைப் பற்றியும் ஒரு நல்ல வார்த்தை பேசியறியாத வாய் அது.

“க்ளென்னா? உருப்படாத பய! கடையைக் கட்டினாலும் வீட்டுக்குப் போகமாட்டான், கல்லைச் சுரண்டிக்கிட்டே நிப்பான். அவன் கழுவி முடிக்காம நாங்க பியர் குடிக்கப் போகமுடியாது. வயசானவங்க யாராவது வந்தா போதும், பேச்சுக் கொடுத்துக்கிட்டே அவங்க சாமானைக் கார் வரைக்கும் தூக்கிட்டுப் போயிடுவான். சரியான தொல்லை! நீங்களாவது எடுத்துத் தொலைங்களேன்!”

க்ளென் கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் அந்த ஊரில் ஒருவனை நண்பன் வாயாரப் புகழ்ந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். வாயாரத் திட்டினால் அதுதான் நற்சான்றிதழ். டோனாவும் அந்த ஊரில் பிறந்தவள்தான்.

“திங்கட்கிழமை ஏழு மணிக்கு வந்துடுங்க,” என்று பயோடேட்டாவை அவர் பக்கமே தள்ளினாள். “இதை மட்டும் கொண்டுவராதீங்க.”

நரெல் சிரித்துச் சிரித்து அழுதே விட்டாள். அன்றே இரண்டாவது ஷிப்டுக்கு முழுக்குப் போட்டாள். க்ளென் அந்தத் தாளைக் கிழித்துப்போட்டிருப்பார் என்று நினைக்கிறீர்களா? ஞாயிற்றுக்கிழமையே எட்டாவதைத் திறந்து, ‘வர்ண அனுபவ வல்லுநர்’ என்று சேர்த்துவிட்டார்.

சிரிக்கிறீர்களே, உங்கள் பயோடேட்டாவை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பிறகு, உங்களை வாய்நிறையத் திட்ட ஒரு பாஸ்கோ இருக்கிறானா என்று யோசியுங்கள். எனக்கு அப்படி ஒருவன் வாய்க்கவில்லை. அதனால்தான் பத்தொன்பதாவதில் இருக்கிறேன்.