மச்சானின் மூளையில் நான் எடுத்த புள்ளி

பரீட்சையில் கள்ளம் செய்கிறவனை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டால், முப்பத்தாறு வருடம் கணிதம் படிப்பித்த நான் ஒரு பட்டியலே தருவேன். உள்ளங்கை வியர்க்கும், கண் கூரையைப் பார்க்கும், தேவையில்லாமல் இருமுவான். அதோடு எழுபத்தொரு வயது, வெள்ளை வேட்டி, கோவில் பங்குச் சபைத் தலைவர் என்பவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது நான்.

ஓய்வு பெற்றுச் சில வருடங்களின் பின் எனக்கு மனச்சோர்வு வந்தது. காரணம் கேட்காதீர்கள். (தெரிந்திருந்தால் படிப்படியாக நிறுவிக் காட்டியிருப்பேன்.) அரிப்புக் கிராமத்தில் கடல் பார்த்த வீடு, பொறுமையான மனைவி, ஓய்வூதியம் எல்லாம் இருந்தன. ஆனாலும் காலையில் கட்டிலை விட்டு எழும்புவது கிணறு வெட்டுவது போலிருந்தது. பால் தேத்தண்ணி ஆறி ஆடை கட்டும்வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் மனைவி திரேசா என் கையைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றி, மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

அங்கே இருந்த மனநல டொக்டர் மெரீனா என்னிடம் படித்த பிள்ளை. வகுப்பில் முதல் வாங்கில் இரட்டைப் பின்னலோடு இருப்பாள். கெட்டிக்காரி, ஆனால் தன்னில் நம்பிக்கை குறைவு. சரியாகச் செய்த கணக்கையே பிழை என்று நினைத்து அழிப்பாள். அவளுடைய கொப்பியில் ஓட்டை விழாத பக்கம் குறைவு.

அவள் தந்த குளிசைகளால் கொஞ்சம் எழும்பி நடந்தேன். இரண்டு மாதம் கழித்து ஒரு புதிய செயலியைப் பரிசோதிப்பதாகச் சொன்னாள். நெற்றியில் ஒரு பட்டி கட்டவேண்டும். அது மூளையின் மின்னலைகளை அளந்து போனுக்கு அனுப்பும். போன் திரையில் ஒரு பாய்வள்ளம். மூளை வேண்டிய நிலைக்கு வந்தால் வள்ளம் ஓடும், வராவிட்டால் நிற்கும். வள்ளத்தைப் பார்த்துப் பார்த்து மூளை தன்னைத்தானே பழக்கிக்கொள்ளுமாம்.

"இது சுகப்படுத்துமோ எண்டு எங்களுக்கே தெரியாது சேர். அதைத்தான் பாக்கிறம். உள்ளது உள்ளபடி வேணும்" என்றாள். "ஒவ்வொரு நாளும் கடைசியில நூற்றுக்கு இத்தினை எண்டு ஒரு புள்ளி வரும். என்ர கம்பியூட்டருக்கும் வரும்."

புள்ளி என்றதும் என் பழைய வருத்தம் எழும்பிவிட்டது. (அதற்குக் குளிசை இல்லை.)

முதல் நாள் இருபத்தேழு. இருபத்தேழு எடுத்த பிள்ளைகளின் தகப்பன்மாரை நான் பள்ளிக்கூடக் கந்தோருக்குக் கூப்பிட்டவன். அடுத்த நாள் அமைதியாக இருந்தே தீருவது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். இருபத்திரண்டு. மன்னாரில் என் மாணவி கம்பியூட்டருக்கு முன்னால் உதட்டைப் பிதுக்குவது எனக்கு அரிப்பில் தெரிந்தது.

திரேசாவின் தம்பி அந்தோனி கடற்தொழில் செய்கிறவன். நடுக்கடலில் எஞ்சின் நின்றாலும் கொட்டாவி விடுவான். மூன்றாம் நாள் திரேசா கோவிலில் பூ மாற்றப் போன நேரம் பார்த்து அவனைக் கூப்பிட்டுக் கதிரையில் இருத்தினேன்.

"என்ன அத்தான், பேன் பாக்கப் போறியளோ?"

"சும்மா இரு மச்சான். அந்த வள்ளத்தைப் பார்."

பார்த்தான். வள்ளம் வெட்டிக்கொண்டு போனது.

"காத்து நல்லம்" என்றான். "ஆனா பாய் கட்டினவனுக்குத் தொழில் தெரியாது."

தொண்ணூற்றிரண்டு.

அண்ணனுக்காகப் பரீட்சை எழுத வந்த ஒரு தம்பியை நான் ஒருமுறை மண்டபத்திலிருந்து எழுப்பி அனுப்பியிருக்கிறேன். அவன் அழ அழ, ஆள்மாறாட்டம் பற்றி அரை மணித்தியாலம் பிரசங்கமும் செய்தேன். அந்தப் பிரசங்கம் முழுவதும் ஞாபகம் இருக்கத்தக்கதாக, மூன்று கிழமை தொடர்ந்து அந்தோனியின் நெற்றியில் பட்டியைக் கட்டினேன்.

பிறகு மெரீனா அழைத்தாள். "சேர், தொண்ணூறு தாண்டினது நீங்கள் ஒராள்தான். வெள்ளிக்கிழமை பல்கலைக்கழகத்தில இருந்து பேராசிரியர் வாறார். வந்து செய்து காட்டுங்கோ. இப்பிடியெண்டா குளிசையையும் குறைக்கலாம்."

எனக்கு அப்போதும் விடிந்தால் கிணறுதான். அந்தக் குளிசை ஒன்றுதான் கயிறு. ஆனாலும் வெள்ளிக்கிழமை பஸ்ஸில் சாரதி உட்பட எல்லோருக்கும் என் புள்ளியைச் சொன்னேன். திரேசா மட்டும் யன்னலைப் பார்த்தபடி, "இரவிரவா நடந்து திரியிற ஆளுக்குத் தொண்ணூறோ" என்றாள்.

ஆஸ்பத்திரியில் பட்டியைக் கட்டினார்கள். வள்ளம் அசையவில்லை. முகத்தை அந்தோனி போல வைத்துப் பார்த்தேன். கொட்டாவியும் விட்டுப் பார்த்தேன். வள்ளம் ஒருமுறை தன்னைத்தானே சுற்றிவிட்டு நின்றது. பதினான்கு. மெரீனா வேறு பட்டி கொண்டுவந்தாள். அதிலும் பதினான்கு.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கருவியை நம்ப ஏலாது போலக் கிடக்கு, டொக்டர்."

மெரீனா தலையைக் குனிந்து, தான் மாதக்கணக்காக எழுதிய தாளில் குறுக்கே கோடு போடப் பேனையை எடுத்தாள். எனக்கு முதல் வாங்கு தெரிந்தது, ஓட்டை விழுந்த கொப்பி தெரிந்தது.

"அழிக்காதை பிள்ளை" என்றேன். "கணக்குச் சரி. ஆள்தான் பிழை."

மூன்று கிழமையும் பட்டியை வேறொரு நெற்றியில் கட்டியதைச் சொன்னேன். சொல்லி முடிக்கும்போது, சொல்ல நினைத்திராத ஒன்றும் வாயால் வந்தது. "எனக்கு இன்னும் சுகமில்லை. குளிசையைக் குறைச்சுப் போடாதை."

அதுவரை அதை நான் திரேசாவிடம்கூடச் சொன்னதில்லை. அவள் எழும்பி வந்து பக்கத்துக் கதிரையில் இருந்தாள்.

பேராசிரியர் மெதுவாகக் கேட்டார். "அப்ப அந்தத் தொண்ணூற்றிரண்டு ஆர்?"

"என்ர மச்சான்."

"அவருக்கு ஏதும் வருத்தமோ?"

"மீன் படாட்டி மட்டும்" என்றாள் திரேசா.

மெரீனா அந்த மூன்று கிழமையையும் நீக்கினாள். என்னை நீக்கவில்லை. ஆனால் இனி நான் ஆஸ்பத்திரியில்தான் பட்டி கட்டவேண்டும் என்றாள். அன்றிலிருந்து அங்கே வருகிற ஒவ்வொருவரும் அடையாள அட்டையை மேசையில் வைக்கவேண்டும். தாதிமார் அதற்கு 'சேர் சட்டம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். படிப்பித்த காலத்தில் என் பெயரில் ஒரு மண்டபமும் கட்டப்படவில்லை. ஒரு சட்டமாவது இருக்கிறது.

இப்போது என் ஆகக்கூடிய புள்ளி நாற்பத்தொன்று. நான் முன்னையிலும் நல்லாயிருக்கிறேன். அது செயலியாலா, குளிசையாலா, அன்று வாயால் வந்த அந்த ஒரு வசனத்தாலா என்று மெரீனாவுக்கும் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்றே எழுதியிருக்கிறாள், ஒரு இடத்திலும் அழிக்காமல். அன்றைய பதினான்கை அச்செடுத்துத் தரச்சொல்லிக் கேட்டு வாங்கினேன். அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில், பட்டச் சான்றிதழுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். இரண்டில் எது பெரிது என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பேன்.

சாப்பாட்டு மேசையில் நான் எதற்காவது சிரித்துவிட்டால் திரேசா கரண்டியை வைத்துவிட்டுக் கேட்பாள்: "இண்டைக்கு ஆரின்ர மூளை?"

அந்தோனி மீன் முள்ளை எடுத்தபடி, தலை நிமிராமல் தன் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பான்.

"என்ரை இஞ்சதான் கிடக்கு அக்கா. அது அத்தான்ரைதான்."