தத்தெடுக்க வந்த மாப்பிள்ளை

"களப்பணியில் ஊறித் திளைத்தவர், மக்களோடு மக்களாக வாழ்பவர், நகரங்களும் சிற்றூர்களும் நிலைத்து வாழப் பல்கலைக்கழகம் வகுத்த திட்டத்தின் ஒருங்கிணைப்பாளர்." முனைவர் குழந்தைவேலுவை அழைப்பிதழ் இப்படித்தான் வருணிக்கும். எழுதியவர் அவரேதான். அவர் ஊறியதை நான் பார்த்ததில்லை. கொல்லிமலை மழையில் ஒருமுறை நனைந்தார். மறுநாளே மருத்துவ விடுப்பு.

வாசகரே, இவர் தனி மனிதர் அல்லர், ஓர் இனம். தத்தெடுப்போர் என்று பெயர். இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்த கையோடு பல்கலைக்கழகங்களில் இந்த இனம் பெருகியது. இவர்கள் ஊருக்கு வர மாட்டார்கள்; வருகை தருவார்கள். வண்டியைவிட்டு இறங்கியதும் மூச்சை ஆழ இழுத்து "என்ன காற்று" என்பார்கள். இழுத்ததை விடுவதற்குள் பேனர் கட்டியாயிற்றா என்று கேட்பார்கள். பலாமரத்தடியில் நின்றொரு படம், குந்தியொரு படம், யாரோ ஒரு பெரியவரின் தோளில் கைபோட்டொரு படம் எடுத்துக்கொண்டு, போன வருஷம் கன்று நட்டுக் காய்ந்த குழியிலேயே இந்த வருஷக் கன்றையும் நட்டு, 'மக்கள் பங்கேற்பு' பற்றி மணிக்கணக்கில் பேசி, மக்கள் வாயைத் திறக்கும் நேரத்தில் பொழுது சாய்ந்துவிட்டதே என்று மலையிறங்கிவிடுவார்கள். அப்படியானால் மக்கள் எதற்கு? கைதட்ட ஆள் வேண்டாமா?

குழந்தைவேலு தத்தெடுத்தது கொல்லிமலையின் வளப்பூர் நாட்டில் ஒரு சிற்றூர். "இன்று முதல் இந்த ஊர் எங்கள் பிள்ளை" என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார். வார்டு உறுப்பினர் மாதம்மாள் எழுந்தார்.

"ஏனுங்க, தத்தெடுத்தா ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போகோணுமே. எங்களை எப்பங்க கூட்டிட்டுப் போறீங்க?"

"நீங்கள் இங்கேயே இருப்பீர்கள் அம்மா. நாங்கள்தான் அடிக்கடி வந்து போவோம்."

"வந்தா சாப்பாடுங்க?"

"அன்போடு நீங்கள் தருவதுதான்."

"அப்ப இது தத்து இல்லீங்க. வந்து தின்னுட்டுப் போறதுக்குப் பேரு மாப்பிள்ளைங்க."

அன்றிலிருந்து ஊருக்கு அவர் மாப்பிள்ளை. அவரோ அதை மக்கள் அளித்த பட்டமென்று நம்பித் தம் தன்விவரக் குறிப்பில் சேர்த்துக்கொண்டார்.

பிள்ளைக்கு இருந்தது ஒரே குறை: பஸ். லைன் பஸ் இரண்டு மைல் தள்ளியே நின்றுவிடும். ஊர்வரைக்கும் ரோடு உண்டு. வந்த பஸ் திரும்பத்தான் இடமில்லை. ரோடு முடிகிற இடத்தில் உள்ளூர்க்காரர் சின்னுசாமிக்குச் சொந்தமான மண்மேடு குறுக்கே கிடந்தது. ஊரார் கேட்டுப் பார்த்தார்கள். ஊரில் பாதிப் பேர் பங்காளிகள், அவர்களோடு பகை, தர முடியாது என்றுவிட்டார். ஆகவே பலாப்பழம் தலைச்சுமையாய்ப் போயிற்று, சுமக்க முடியாதது மரத்தடியில் அழுகிற்று, காய்ச்சல்காரர்கள் கட்டிலோடு போனார்கள்.

குழந்தைவேலு இதைச் சும்மா விடவில்லை, ஆராய்ந்தார். "போக்குவரத்தில் உங்கள் மனநிறைவு மிகுதியா, நடுத்தரமா, குறைவா?" என்று மாணவர்கள் வழிமறித்துக் கேட்டார்கள். தலையில் கூடையோடு நின்ற மாதம்மாள், "இதைக் கொஞ்சம் எறக்கு கண்ணு, அப்புறம் நெறைவைப் பத்திச் சொல்றேன்" என்றார்.

இப்படி ஆராய்ச்சி செழித்திருந்த காலத்தில் துணைவேந்தர் வருவதாகத் தகவல் வந்தது. பல்கலைக்கழக பஸ் ஓட்டுநர் ஆரோக்கியராஜ் தலையைச் சொறிந்தார்.

"சார், ஊருக்குள்ள போனா பஸ் திரும்பாது. லைன் பஸ் நிக்கிற எடத்துல ஐயாவை எறக்கிவிட்டுடறேன். காத்தாட நடந்து வரட்டும்."

நடப்பதா? துணைவேந்தரா? ஊர் நடந்தவரை ஆய்வுப் பொருளாக இருந்த இரண்டு மைல், அந்த நொடியில் பேரிடராகிவிட்டது. குழந்தைவேலு, படமெடுக்க ஆள்கூட இல்லாமல், சின்னுசாமியின் வீட்டுக்கு ஓடினார். வேடிக்கை பார்க்க மாதம்மாளும் பின்னாலேயே போனார்.

"ஊரு கேட்டப்ப இல்லைன்னுட்டேன்" என்றார் சின்னுசாமி. "மாப்பிள்ளை ஊடேறி வந்து வாய்விட்டுக் கேட்டா என்னங்க பண்றது? வெட்டிக்குங்க."

"சீதனம்னு நெனைச்சுக்கிட்டு வாங்கிக்குங்க, மாப்பிள்ளை" என்றார் மாதம்மாள்.

பொக்லைன் வந்தது. மேடு போயிற்று. துணைவேந்தர் வரவில்லை, அன்று அவருக்கு வேறு ஊரில் வேறு தத்து. ஆனால் பல்கலைக்கழக பஸ் அங்கே வட்டமடித்துத் திரும்பியதை ஊரே நின்று பார்த்தது. லைன் பஸ்காரர்களும் கேள்விப்பட்டார்கள். இடமில்லை என்ற சாக்கு அவர்களுக்குப் பறிபோயிற்று.

ஆண்டறிக்கையில் மனநிறைவு விழுக்காடு இருக்கிறது, காய்ந்த கன்றுகளின் எண்ணிக்கை இருக்கிறது, மேட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. அதெல்லாம் ஒரு பணியா என்று அவர் நினைத்திருக்கலாம்.

சிரிக்கிறீர்கள். உங்கள் சங்கம் ஏதோ ஒரு குளத்தைத் தத்தெடுத்ததே, நினைவிருக்கிறதா? படத்தில் மண்வெட்டியைப் பிடித்திருக்கும் கை உங்களுடையதுதான். படம் எடுத்து முடிந்ததும் அந்த மண்வெட்டியை யாரிடம் கொடுத்தீர்கள்?

குழந்தைவேலு செய்தது இதுதான்: சின்னுசாமியின் வீட்டுக்குப் போய் மேட்டைக் கேட்டு வாங்கினார். இப்போது பஸ் ஊருக்குள் வந்து திரும்புகிறது.