அடியில் ஓடிய இரைச்சல்

இந்த ஒரு தடவை மட்டும் சுண்டுவிரல் சொன்னபடி கேட்டுவிட்டால் போதும். அதற்குப் பிறகு அது மடங்கட்டும், மடங்காமல் போகட்டும், நான் ஒன்றும் கேட்கமாட்டேன்.

யாரோடு இந்தப் பேரம் என்று அவளுக்கே தெரியவில்லை. கிடாரை மடியில் சாய்த்துக்கொண்டு கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். சமையலறையிலிருந்து கணவர் குரல் கொடுத்தார். ஃபிரிட்ஜை அணைத்தாயிற்று, குழாயை இறுக மூடியாயிற்று, தானும் இனி மூச்சை அளந்துதான் விடப்போவதாகச் சொன்னார்.

வாசித்து முடித்ததும் அவர் வந்து பக்கத்தில் நின்றார். இருவரும் பதிவைக் கேட்டார்கள். கிடாருக்கு அடியில் அந்த இரைச்சல் அன்றைக்கும் இருந்தது, மூடிய அறைக்குள் வண்டு சுற்றுவதுபோல.

"ஃபிரிட்ஜ் இல்லை," என்றார் கணவர், ஒரு கைதியை விடுதலை செய்யும் தோரணையில்.

விடுதலையானதை மறுபடி இயக்க இருவருக்குமே மறந்துவிட்டது. பால் திரிந்துபோனது சாயங்காலம்தான் தெரிந்தது.

அது அவளே உண்டாக்கிய மெட்டு. படிப்பு முடிந்து வேலைக்குக் காத்திருந்த நாட்களில் வந்தது. நல்ல கருவிகள் கையில் கிடைக்கும்போது பதிவு செய்துகொள்ளலாம் என்று தள்ளிப்போட்டாள். பிறகு வேலை, கல்யாணம், மகள், மகளின் படிப்பு. கிடார் பீரோவின் தலைக்கு ஏறி அங்கேயே தங்கிவிட்டது. அந்த மெட்டை அதுவரை வேறு ஒரு காதும் கேட்டதில்லை என்பது அவளுக்கு ஒரு பக்கம் வருத்தம், ஒரு பக்கம் ரகசியமான சொத்து. போன வருடம் விரல் மூட்டுகள் வீங்க ஆரம்பித்தன. மருத்துவர் அழுத்திப் பார்த்துவிட்டு, இது சரியாகாது, ஆனால் மெதுவாகத்தான் மோசமாகும் என்று ஆறுதல்போலச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் ஸ்டூல் போட்டு ஏறி கிடாரை இறக்கினாள்.

கணவர் நல்லவர். ஓர் இஸ்திரிப் பெட்டி வாங்குவதற்குள் பருவமே மாறிவிடும் அளவுக்கு ஆராய்ச்சி செய்கிறவர். கையைக் கடிக்காத விலையில் எதை வைத்துக் கிடாரைப் பதிவு செய்யலாம் என்ற கேள்வி கிடைத்ததும் அவருக்குப் பத்து வயது குறைந்துவிட்டது.

முதலில் கணினியில் இருந்த மைக்கே போதும் என்றார். கிணற்றுக்குள் யாரோ வாசிப்பதுபோல் இருந்தது. கிணற்றின் அடியில் அந்த இரைச்சல். அடுத்து, அலுவலகக் கூட்டங்களுக்கு அவர் மாட்டிக்கொள்ளும் ஹெட்போன் மைக். அதில் அவள் மூச்சு புயலாக அடித்தது. பிறகு புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு ஏற்றது என்று முன்பின் தெரியாத நூறு பேர் இணையத்தில் சத்தியம் செய்திருந்த யுஎஸ்பி மைக் ஒன்று வந்தது. கிடார் தெளிவாகக் கேட்டது. மாடி வீட்டில் நாற்காலி நகர்வதும், தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துத் தோற்பதும் கேட்டன. இரைச்சலும் முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது.

இசைக்கருவிக் கடைக்காரர் அவளுக்கு ஹெட்போன் மாட்டி, இரண்டு மைக்கை மாற்றி மாற்றிச் சொருகி, இது தெளிவா, அது தெளிவா என்று கேட்டார். அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில், வருகிறவர்களுக்கு லென்ஸை மாற்றி மாற்றி அவள் வருடக்கணக்காகக் கேட்டுவந்த கேள்வி. அந்த நாற்காலியில் உட்காருகிறவர்களின் பயம் அவளுக்குத் தெரியும். தப்பாகச் சொல்லிவிடக் கூடாதே என்ற பயம்.

"ரெண்டாவது," என்றாள், அவர்களைப் போலவே.

இரண்டாவதுதான் விலை கூடியது. அதை நேராகக் கணினியில் சொருக முடியாது, நடுவில் ஒரு பெட்டி வேண்டும் என்றார் கடைக்காரர். பெட்டிக்கு ஒரு கேபிள், மைக்குக்கு ஒரு ஸ்டாண்ட். எல்லாவற்றையும் யாரோ ஆசைப்பட்டு வாங்கி, அலுத்துப்போய் விற்றவையாகப் பார்த்து வாங்கினார்கள்.

பெட்டி வந்த பிறகு, அவள் மீட்டிய ஒலி ஹெட்போனில் ஒரு கணம் பிந்தி வந்தது. தன்னையே யாரோ கேலியாகத் திருப்பிச் சொல்வதுபோல் இருந்ததில் விரல்கள் தடுமாறின. கணவர் விடுமுறையெல்லாம் மல்லுக்கட்டி அதைச் சரிசெய்தார். இப்போது மிஞ்சியது இரைச்சல் மட்டும்தான்.

"கவனிச்சியா, ஏறுது, இறங்குது," என்றார். "வோல்டேஜ் நிலையா இல்லை."

ஸ்டெபிலைசர் வந்தது. அது தன் பங்குக்கு உறுமியது. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவள் வாசிக்காமல் வெறும் அறையைப் பதிவு செய்து பார்த்தார். அப்பழுக்கில்லாத அமைதி.

"அப்போ கிடார்தான்," என்று தீர்ப்பு சொன்னார்.

புதுக் கம்பிகள் மாட்டினார்கள். இரைச்சல் அப்படியே இருந்தது. விரல் நுனிகள்தான் வெந்துபோயின.

பேருந்தில் வேலைக்குப் போகும்போது அவள் பதிவுகளை வரிசையாகக் கேட்பாள். வாசிப்பு நன்றாக இருந்தது கிணற்றுக்குள் கேட்டதில்தான். ஒவ்வொரு கருவி வந்தபோதும் விரல் கொஞ்சம் தேய்ந்திருந்தது. இதைக் கணவரிடம் சொல்லவில்லை. எனக்காக இவ்வளவு ஓடுகிறவரிடம் என்னவென்று சொல்வது?

இரைச்சலை நீக்கும் மென்பொருள் ஒன்றையும் அவர் கண்டுபிடித்தார். இரைச்சல் போனது. கூடவே மெட்டில் பாதி போனது.

"சுத்தமா இருக்குல்ல?"

"இருக்கு," என்றாள். துடைத்த கரும்பலகை மாதிரி சுத்தமாக இருந்தது.

கடைசி ஆயுதம் போர்வை. அறையைச் சுற்றிக் கனத்த போர்வைகளைத் தொங்கவிட்டால் வெளிச்சத்தம் எதுவும் அண்டாதாம். வீட்டிலிருந்தது போதாமல் கீழ் வீட்டு அக்காவிடமும் வாங்கி வந்தார். மின்விசிறியை நிறுத்தினார். பிறகு தானே ஓர் இரைச்சலாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டுத் தெருவுக்குப் போய் நின்றுகொண்டார்.

போர்வைகளுக்கு நடுவே வேர்த்து வழிய அவள் வாசித்தாள். அன்றைக்குச் சுண்டுவிரல் கேட்டது. தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஓர் இடத்திலும் பிசகவில்லை. கடைசி நாதம் அடங்கிய பிறகும் கண்ணைத் திறக்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தாள். இனி ஒருமுறை இப்படி வராது என்பது எப்படியோ அவளுக்குத் தெரிந்திருந்தது.

கணவர் வந்து ஸ்பீக்கரில் போட்டார். கிடார் பளிச்சென்று வந்தது. அதன் அடியில், பக்கத்தில் வந்து நிற்பதுபோல் அந்த இரைச்சலும் வந்தது. அவர் கட்டிலில் அப்படியே சரிந்து உட்கார்ந்தார்.

போர்வைகளை வாங்கிப்போக வந்த அக்கா, ஒன்றை உருவித் தோளில் போட்டுக்கொண்டு நின்று கேட்டாள்.

"நல்லா இருக்கேம்மா."

"அடியில ஒரு இரைச்சல்க்கா. என்ன பண்ணியும் போகமாட்டேங்குது."

"எந்த இரைச்சல்?"

கணவர் விரலைத் தூக்கிக் காட்டினார். "இதோ, இது. ம்ம்ம்னு ஓடுது பாருங்க."

விளையாடுகிறார்களா என்று அக்கா இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இது உன் குரல்தானேம்மா? துணி காயப்போடும்போது, பாத்திரம் கழுவும்போது, எப்பவும் இதைத்தானே முனகிக்கிட்டிருப்பே. குடிவந்த நாள்லேர்ந்து ஜன்னல் வழியா கேக்கிறேன். எனக்கே மனப்பாடம்."

சொல்லிவிட்டு அடுத்த அடியை ஒரு பிசகில்லாமல் முனகிக் காட்டினாள்.

வாசித்தவளின் கை தானாகத் தொண்டைக்குப் போனது. இத்தனை வருடம் கூடவே இருந்தவர் ஸ்பீக்கரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி ஸ்பீக்கரைப் பார்த்தார். அவர் காது மடல்கள் சிவந்தன. பிறகு அவருக்கே உரிய நிம்மதி முகத்தில் பரவியது. காரணம் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி அவருக்கு.

"அட, அப்போ சுலபம்தானே. வாயை மூடிக்கிட்டு இன்னும் ஒரே ஒரு தடவை வாசிச்சிடு."

அவள் மைக்கின் கேபிளை மெதுவாகப் பிடுங்கினாள்.

"வேண்டாங்க," என்றாள். "இது இப்படியே இருக்கட்டும்."