தராசு அக்கா நலம் விசாரிக்கிறார்

நலம் விசாரிப்பவர்களைத் தெரியும், விசாரிக்காதவர்களையும் தெரியும். எடை விசாரிப்பவர்கள் என்று மூன்றாவதாக ஓர் இனம் உண்டு, தெரியுமா? பல்கலைக்கழக விடுதிகளில் அது செழித்து வளர்கிறது. எங்கள் விடுதியில் இருந்தவருக்கு 'தராசு அக்கா' என்று பெயர். அவர் காதில் விழாமல்தான் அப்படிச் சொல்லுவோம்.

அக்கா முதுகலை வரலாறு. உடம்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல அந்தப் படிப்பே போதும் என்பது அவர் கட்சி. உணவுக்கூடத்தில் பரிமாறும் மேசையைப் பார்த்த நாற்காலி அவருடையது. தட்டோடு திரும்புகிற ஒவ்வொருத்தியையும் ஏற இறங்கப் பார்த்து, ஒரு சுற்றுப் பெருத்துவிட்டாய் என்றோ, இளைத்துத் துரும்பாகிவிட்டாயே, என்ன ரகசியம் என்றோ ஒரு வார்த்தை போட்டால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும். எல்லாம் அக்கறைதான். அக்கறை இல்லாதவர் அடுத்தவள் தட்டில் எத்தனை முட்டை என்று பார்ப்பாரா?

சட்டம் படித்த குண்டுப் பெண் ஒருத்தி நாலு மாடியையும் மூச்சு வாங்காமல் ஏறுவாள். அவளுக்குச் சீக்கிரமே ஏதாவது வந்துவிடும் என்று அக்கா தினமும் கவலைப்பட்டார். என் அறைத்தோழியிடம், "கொஞ்சம் பூசினாப்ல ஆயிட்டே" என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அன்றோடு அவள் இரவுச் சாப்பாட்டை விட்டாள். பிறகு காலைச் சாப்பாட்டை. பிறகு தட்டில் இருப்பதைக் கிளறிக் கிளறி அப்படியே கொட்டினாள். முடி கொத்துக் கொத்தாகச் சீப்போடு வந்தது. கொளுத்தும் வெயிலில் கம்பளிச் சட்டை போட்டாள். அக்கா அவளைக் கூடத்தின் நடுவில் நிறுத்தி, "இவளைப் பார்த்துக் கத்துக்குங்க" என்றார். எல்லோரும் கை தட்டினோம். நானும்தான்.

மறுவாரம் மாடிப்படியில் மயங்கி விழுந்தாள். குண்டுப் பெண்தான் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இதயம் நின்றிருக்கும் என்றார் டாக்டர். மூன்று நாள் கெஞ்சியும் திறக்காத வாயை, நான்காம் நாள் அம்மா நீட்டிய ஒரு கரண்டி சூப்புக்குத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து அக்கா பூங்கொத்தோடு நுழைந்தார்.

"அடடா, இப்பத்தான் முகத்துல கொஞ்சம் சதை தெரியுது."

வாய் மூடிக்கொண்டது. மறுபடி திறக்கப் பத்து நாள் ஆயிற்று.

தாம் என்ன தப்பாகச் சொன்னோம் என்று அக்காவுக்கு இன்றுவரை புரியவில்லை. பாவம், நல்ல மனசு. உங்களுக்கும் நல்ல மனசுதான். போன வாரம் உறவுக்காரர் வீட்டுக்குப் போனீர்களே, கதவைத் திறந்த பெண்ணிடம் முதலில் என்ன சொன்னீர்கள்? நினைவில்லையா? பரவாயில்லை. அவளுக்கு நினைவிருக்கும்.