பதினேழாம் எண் குறையாளர்

வரிசையில் அவருக்கு முன்னால் நாற்பத்தெட்டாயிரத்து இருநூற்றுப் பதினாறு பேர் நின்றார்கள். அவரோ ஞாயிற்றுக்கிழமை காலைக் காபியோடு தன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தார். கம்ப்யூட்டர் திரையில் ஒரு குட்டி மனிதன் நடந்துகொண்டே இருந்தான். பத்து மணிக்கு டிக்கெட் விற்பனை தொடங்கியதிலிருந்து நடக்கிறான், இன்னும் புறப்பட்ட இடத்திலேயே இருக்கிறான்.

"நமக்கு முன்னாடி எத்தனை பேரு?" என்று கேட்டாள் மனைவி.

"கொஞ்சம் பேருதான்."

"கொஞ்சம்னா?"

"ஒரு ஸ்டேடியம் இருக்கும்."

மனைவி இடுப்பில் கை வைத்தாள். "இது நீங்க வேலை பாக்கற கம்பெனிதானே?"

அதுதான் சிக்கல். நாட்டிலேயே பெரிய மேடை நிகழ்ச்சிக் கம்பெனியில் குறை தீர்க்கும் பிரிவுக்கு அவர் தலைவர். புகார் எழுதும் எல்லோருக்கும் போகிற பதிலை எழுதியவர் என்பதால் ஆபீஸில் அவருக்குப் 'பதில் சார்' என்று பெயர். சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பதில்லை.

முதலாளி அந்தக் காலத்தில் இரண்டு வாடகை ஸ்பீக்கரோடு கம்பெனியை ஆரம்பித்தார். அப்புறம் ஒரு அரங்கம் வாங்கினார். பக்கத்து அரங்கத்துக்காரர் முறைத்தார், அதையும் வாங்கினார். பிறகு டிக்கெட் விற்கும் கம்பெனி, வண்டி நிறுத்துமிடம், தண்ணீர் பாட்டில் கடை, கடைசியில் பாட்டுக்காரர்களின் ஒப்பந்தங்கள். இப்போது ஒருவர் பாட்டுக் கேட்க வேண்டுமென்றால், வண்டியை நிறுத்துவதிலிருந்து தொண்டையை நனைப்பதுவரை முதலாளியைத் தாண்டி எதுவும் நடக்காது. டிக்கெட்டுக்கு மேல் 'வசதிக் கட்டணம்' என்று ஒன்று உண்டு. யாருடைய வசதிக்கு என்று கேட்டு மாதம் முன்னூறு கடிதம் வரும். கம்பெனியைத் துண்டு துண்டாக உடைக்கலாமா என்று ஒரு அரசு விசாரணைக் குழுவும் உட்கார்ந்திருந்தது.

இன்றைக்கு டிக்கெட் விற்பது ஒரு பாடகியின் கச்சேரிக்கு. அவர் மேடையிலிருந்து ஓய்வு பெறுகிறார். இதுதான் கடைசிக் கச்சேரி. பதில் சார் வேலையில்லாமல் இருந்த இரண்டு வருஷமும் மனைவி இந்தப் பாடகியின் பாட்டைத்தான் முணுமுணுத்தபடி வீட்டை ஓட்டினாள். வேலை கிடைத்த பிறகும் அவளுக்கு அரங்கத்தின் உட்புறம் எப்படி இருக்கும் என்று தெரியாது. கச்சேரி நாட்களில் அரங்கத்தில் வேலை பார்க்கும் அவரை அழைத்துப்போக வந்து, வெளிச்சுவரில் சாய்ந்து, கசிகிற பாட்டைக் கேட்டிருக்கிறாள், அவ்வளவுதான். இருபத்திரண்டு வருஷமாக அவள் ஒன்றும் கேட்கவில்லை. போன வாரம் கேட்டாள். அவரும், "டிக்கெட்டா? அது ஒரு பெரிய விஷயமா?" என்று வாயை விட்டுவிட்டார்.

பெரிய விஷயம்தான். இரண்டு வருஷத்துக்கு முன் ஊழியர்களுக்குக் கொடுத்த இலவச பாஸ்கள் வெளியே பத்து மடங்கு விலைக்குப் போய், பேப்பரில் நாறிப்போயிற்று. முதலாளி பத்திரிகைக்காரர்களைக் கூட்டி, "இனிமே எங்க ஆளுங்க குடும்பத்துக்கு ஓசி சீட்டு கிடையாது. எனக்கும் சேத்துத்தான் சொல்றேன். மீறினா வேலை போயிடும்" என்று அறிவித்தார். அதன் பிறகும் மாமனாருக்கு ஒரு பாஸ் வாங்கிக் கொடுத்த ஊழியர் இப்போது மாமனார் கடையில்தான் கணக்கு எழுதுகிறார்.

"உன் போன்லயும் வரிசையில நில்லு" என்றார் பதில் சார். மகள் போனிலும் நிற்கச் சொன்னார். மேஜை இழுப்பறையிலிருந்து கண்ணாடி உடைந்த பழைய போனை எடுத்தார். மகளின் டேப்லெட்டும் வந்தது. ஐந்து குட்டி மனிதர்கள் நடந்தார்கள்.

டிக்கெட் விலை திடீரென்று ஒன்றரை மடங்கானது.

"ஏன்ப்பா ஏறுது?" என்றாள் மகள்.

"நிறையப் பேரு வேணும்னு நின்னா விலை தானா ஏறும். அதான் சிஸ்டம்."

"அந்த நிறையப் பேரு யாரு?"

அவர் மேஜையைப் பார்த்தார். ஐந்தும் வரிசையாக இருந்தன.

அடுத்த நிமிஷம் ஐந்து திரையிலும் ஒரே சமயத்தில் சிவப்பு எழுத்து வந்தது. 'ஒரே வீட்டிலிருந்து ஐந்து கருவிகள். கள்ளச்சந்தை நடவடிக்கை என்று சந்தேகிக்கிறோம். இந்த முகவரி முடக்கப்படுகிறது.'

"அப்பா, நம்ம வீடே கள்ளச்சந்தையாம்" என்றாள் மகள்.

பதில் சாருக்கு அந்த வாசகம் நன்றாகத் தெரியும். போன வருஷக் கூட்டத்தில் இந்த ஏற்பாட்டைச் சிபாரிசு செய்ததே அவர்தான். எல்லோரும் கை தட்டினார்கள்.

"கவலைப்படாதே" என்றார் மனைவியிடம். "நீ ஒரு புகார் எழுது. உங்க அண்ணன் வீட்டு முகவரி போட்டு எழுது, நம்ம வீடுன்னு ஆபீஸ்ல யாருக்கும் தெரிய வேண்டாம். அது நேரா என் மேஜைக்குத்தான் வரும். முடக்கினதை எடுத்துவிடச் சொல்லி நான் கையெழுத்துப் போடுறேன். அதுக்கு அதிகாரம் இருக்கு."

மனைவி எழுதினாள். நன்றாகவே எழுதினாள். வெளிச்சுவரில் சாய்ந்து கேட்ட பாட்டைப் பற்றியெல்லாம் எழுதினாள். படித்துவிட்டு அவரே அனுப்பும் பொத்தானை அழுத்தினார்.

திங்கட்கிழமை சீக்கிரமே ஆபீஸ் போனார். குறைகளுக்கு எண் போட்டு முத்திரை குத்தும் அம்மா அவருக்கு முன்பே வந்திருந்தார். இந்தக் கச்சேரிக்கென்று தனியாக ஒரு கட்டு சேர்ந்திருந்தது. மேலே இருந்த பட்டியலில் மனைவியின் பெயர் பதினேழாவதாக இருந்தது.

"எண் ஒண்ணைப் படிங்க சார். விற்பனை ஆரம்பிச்ச நாலாவது நிமிஷமே வந்திருக்கு. சும்மா கிழிகிழின்னு கிழிச்சிருக்காங்க" என்றார் முத்திரை அம்மா.

பதில் சார் படித்தார். 'இந்தக் கம்பெனியின் முதலாளிக்கு நாலு பேர் முன்னால் பேசத்தான் தெரியும், ஒருவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கத் தெரியாது. முப்பது வருஷமாக எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்' என்று ஆரம்பித்து இரண்டு பக்கம் ஓடியது. முதலாளியைப் பற்றி வெளியாள் இவ்வளவு சரியாகச் சொன்னது அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

"பதினேழாம் எண் எங்கேம்மா? அதை நானே பாக்கறேன்."

"அதுக்கு அப்பவே பதில் போயிடுச்சு சார். உங்களுக்கு எதுக்கு வேலைன்னு எல்லாத்துக்கும் உங்க கையெழுத்து முத்திரையக் குத்தி அனுப்பிட்டேன். ரெண்டு நிமிஷத்துல பதில் போகணும்னு நீங்கதானே சொன்னீங்க? பதில் போனா ஃபைல் மூடிடும். இனி திறக்க முடியாது."

அதுவும் அவர் போட்ட விதிதான்.

சாயங்காலம் மனைவி கதவைத் திறந்து அவரை உள்ளே விட்டாள். கையில் போனை வைத்துக்கொண்டு நிதானமாக வாசித்தாள்.

"அன்புள்ள அம்மையீர். தங்கள் குறை எங்கள் குறை. தங்கள் பொறுமையே எங்கள் மூலதனம். இவண், குறை தீர்க்கும் பிரிவுத் தலைவர்."

"அது எல்லாருக்கும் போறதும்மா."

"கல்யாணத்துக்கு அப்புறம் நீங்க எனக்கு எழுதின முதல் கடிதம் இது" என்றாள் மனைவி. அவள் குரல் உயரவில்லை. அதுதான் அவரை என்னவோ செய்தது. "என் பொறுமை உங்க மூலதனமாம். உண்மைதான். எங்க அண்ணனுக்கும் அனுப்பியிருக்கேன், படிச்சு சந்தோஷப்படட்டும்."

அண்ணன் படித்துச் சந்தோஷப்பட்டதோடு நிற்கவில்லை. தங்கையின் புகாரையும் வந்த பதிலையும் அருகருகே வைத்து இணையத்தில் போட்டுவிட்டார். செவ்வாய்க்கிழமை லட்சம் பேர் படித்தார்கள். புதன்கிழமை ஆபீஸ் வாசலில் 'எங்கள் பொறுமை உங்கள் மூலதனம் அல்ல' என்று அட்டை பிடித்துக்கொண்டு கூட்டம் நின்றது. வியாழக்கிழமை விசாரணைக் குழுத் தலைவர் அந்தக் கடிதத்தை உரக்கப் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்ததாகப் பேப்பரில் போட்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை முதலாளி அதிகாரிகளைக் கூப்பிட்டார். முதலாளியோடு சேர்த்து இருபது பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். 

"கச்சேரியில முதல் வரிசையை எடுத்துடுங்க" என்றார் முதலாளி. "அதைக் குறையாளர் வரிசைன்னு வைக்கறோம். இருபது குறையாளர், இலவசம். ஒவ்வொருத்தர் பக்கத்துலயும் நம்ம அதிகாரி ஒருத்தர் உக்காந்து, அவங்க மனசு நோகாம பாத்துக்கணும். யாரு எந்தக் குறையாளர்னு நீங்களே கட்டுலேர்ந்து எடுத்துக்குங்க."

சட்டப் பிரிவு அதிகாரி கட்டை இழுத்து, தேடவே தேடாமல் ஒரு தாளை உருவினார். விளம்பர அதிகாரி அடுத்த நிமிஷமே ஒன்றை எடுத்தார். எல்லோருக்கும் இவ்வளவு சேவை மனப்பான்மை இருக்கும் என்று பதில் சார் நினைத்ததே இல்லை.

"அந்த எண் ஒண்ணு ரொம்ப மோசமா எழுதியிருக்காங்க சார்" என்றார் விளம்பர அதிகாரி.

முதலாளி கொஞ்சம் இருமினார். "அதை நானே பாத்துக்கறேன். கஷ்டமானதை முதலாளிதான் எடுத்துக்கணும்."

அறையே நெகிழ்ந்துபோயிற்று.

"பதில் சார், பதினேழாம் எண் உங்க பொறுப்பு. அந்தம்மா வரலைன்னா இந்த வரிசையே வீண். ஒரு விஷயம், எல்லாரும் கேட்டுக்குங்க. இந்த வரிசையில நம்ம ஆளு குடும்பம்னு ஒருத்தர் இருந்தாக்கூட விசாரணைக் குழு நம்மளைக் கிழிச்சுத் தொங்கவிட்டுடும். அப்படி யாராவது இருந்தா அன்னைக்கே வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

எல்லாத் தலைகளும் ஆடின. பதில் சார் தலை கொஞ்சம் அதிகமாகவே ஆடியது. மனைவியை அழைத்து வந்தால் வேலை போகும். அழைத்து வராவிட்டாலும் போகும். அதைவிட, அவளிடம் போய் மறுபடியும் இல்லை என்று சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை. ஆனது ஆகட்டும் என்று முடிவு செய்தார்.

"அங்கே நான் யாரோ, நீ யாரோ" என்று வீட்டில் பத்து தடவை பாடம் நடத்தினார்.

"இதுல பாடம் நடத்த என்ன இருக்கு? இருபத்திரண்டு வருஷமா உங்க ஆபீஸ் விஷயத்துல அப்படித்தானே இருக்கோம்" என்றாள் மனைவி.

கச்சேரி அன்று அவள் அண்ணன் வண்டியில் வந்து இறங்கினாள். நீலப் புடவை. பதில் சார் வாசலில் காத்திருந்து கும்பிட்டார்.

"வாங்க மேடம். குறை தீர்க்கும் பிரிவு."

"ஓ, அந்தக் கடிதம் எழுதினது நீங்கதானா சார்? ரொம்ப உருகி எழுதியிருந்தீங்க."

"உள்ளே போலாம் மேடம்" என்றார் அவர், பல்லைக் கடித்துக்கொண்டு.

உள்ளே வந்ததும் அவள் நின்றுவிட்டாள். மேலே கூரையைப் பார்த்தாள், மாடி இருக்கைகளைப் பார்த்தாள், பிறகு பக்கச் சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் அவள் நிற்கிற இடம்.  என்னய்யா பெரிய வேலை, போனால் போகட்டும் என்றுகூட ஒரு கணம் பதில் சாருக்குத் தோன்றியது.

இருக்கையில் உட்கார்ந்த பிறகு அவள் மெதுவாகக் கேட்டாள். "உங்க வீட்டுல யாரும் வரலையா சார்?"

"இல்லைங்க மேடம். ரூல்ஸ்."

"பாவம், உங்க வீட்டம்மா."

"அவங்க ரொம்ப நல்லவங்க மேடம். நான்தான் சரியா பாத்துக்கலை."

இதை எதிர்பார்க்காத அவள் மேடையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். ஆனால் அவள் கை, இரண்டு இருக்கைக்கும் நடுவிலிருந்த கைப்பிடியில் அவர் கையை ஒட்டி வந்து நின்றது. அவர் பதறிப்போய்ச் சுற்றும் முற்றும் பார்த்தார்.

நல்லவேளை, யாரும் கவனிக்கவில்லை. ஒவ்வொரு அதிகாரிக்கும் அவரவர் குறையாளரைச் சமாளிப்பதே பெரிய பாடாக இருந்தது. சட்டப் பிரிவு அதிகாரியை அவருடைய குறையாளர் விரலை நீட்டித் திட்டிக்கொண்டிருந்தார். அதிகாரி தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். விளம்பர அதிகாரியிடமிருந்த தண்ணீர் பாட்டிலை அவருடைய குறையாளர் வெடுக்கென்று பிடுங்கிக் குடித்தார். பொதுமக்களின் கோபம் இன்னும் தணியவில்லை என்று பதில் சார் மனதுக்குள் குறித்துக்கொண்டார்.

வரிசையின் நடுவில் எண் ஒன்று என்று அட்டை வைத்த இருக்கையில் கண்ணாடி போட்ட ஓர் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பார்வையே பாதி புகார் மாதிரி இருந்தது. அவர் பக்கத்து இருக்கை மட்டும் காலி.

"சார்" என்றாள் மனைவி, உதடு அசையாமல். "உங்க முதலாளி என்னைக் கண்டுபிடிச்சிட்டா?"

"பேசாம இரு. அதோ வராரு."

முதலாளி பக்கவாட்டு வழியாக வேகமாக வந்தார். விளக்குகள் மங்க ஆரம்பித்திருந்தன. வரிசையைக் கடக்கும்போது பதில் சாரையும் நீலப் புடவையையும் ஒரு பார்வை பார்த்தார். கைப்பிடியில் ஒட்டியிருந்த இரண்டு கைகளின் மேல் அந்தப் பார்வை நின்றது. பதில் சார் கையை இழுக்கப் பார்த்தார். மனைவி விடவில்லை. முதலாளி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

அதற்குள் டார்ச் லைட்டோடு இடம் காட்டும் ஊழியர் பின்னாலேயே ஓடி வந்தார். புதிதாகச் சேர்ந்தவர், எதையும் சத்தமாகச் சொல்லித்தான் பழக்கம்.

"சார், எண் ஒண்ணு மேடம் இதை உங்ககிட்ட குடுக்கச் சொன்னாங்க. இன்னைக்கும் வீட்டுச் சாவியையும் பிரஷர் மாத்திரையையும் கட்டில் மேலயே வெச்சிட்டு வந்துட்டீங்களாம்."